சோம்பேறி மரம்

அப்பாவுக்கு, உங்கள் கைகளை முத்தமிட்டு நெஸ்ரின் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

திங்கள்கிழமை இங்கே உறைபனி விழுந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை. ஆராய்ச்சித் தோட்டத்தில் பதினொரு வருடமாகக் மகரந்தம் கலந்து வளர்த்த ஆப்ரிகாட் பழ மரங்களின் பூக்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். எல்லாம் உள்ளே கறுத்துச் செத்திருந்தன. நானூறு மரம் பார்த்தும் அழுகை வரவில்லை.

ஒரு மரத்தில் மட்டும் மொட்டு இன்னும் விரியவில்லை, அதனால் தப்பித்தது. அது நம் கிணற்றடி மரத்தின் பிள்ளை. தீப்பெட்டியில் மகரந்தம் கொண்டுவந்தேனே, அதில் பிறந்தது. ஊரெல்லாம் பூத்த பிறகு பூக்கிறதென்று நீங்கள் சோம்பேறி என்று திட்டுவீர்களே, அந்தக் கிணற்றடி மரம்தான்.

மேலாளர் ரிஃப்கிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "உங்கப்பா கையில முத்தம் குடுக்கணும்மா. ஒட்டுக் கட்ட அந்த மரத்துல நாலு குச்சி வெட்டி அனுப்பச் சொல்லு. இனிமே எல்லாக் கலப்பும் அதோடதான்."

"சொல்றேன் சார்" என்றேன். ஜனவரியில் அந்த மரத்தை வேரோடு பெயர்த்து அடுப்புக்கு வெட்டிவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அந்த விறகு மிச்சமிருந்தால் ஒரு துண்டை உள்ளே வையுங்கள். காய்ந்த கட்டை ஒட்டுக்கு ஆகாது, தெரியும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

நெஸ்ரின்