ஆகஸ்ட் மாதத்துப் பரீட்சை

கிரோவர், கான்சஸ்
நவம்பர் 29

அன்பு மகன் பிரைஸுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்று உன் டாக்டரே நேற்றுக் காலை போனில் சொல்லிவிட்டதால் இந்த முறை அதை விசாரிக்கப்போவதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மறதியும் போய்விட்டது, ஆறு வாரத்தில் பந்தைத் தொடலாம் என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்று மத்தியானம்தான் எனக்குச் சோறு தண்ணி இறங்கியது.

ஆட்டங்கள் தொடங்குமுன் ஆகஸ்டில் வைக்கிற ஞாபகப் பரீட்சையில் வேண்டுமென்றே மந்தமாகப் பதில் சொல், பிறகு தலையில் அடிபட்டு அதையே திரும்ப வைத்தாலும் மார்க் குறைந்தது தெரியாது, ஆடவிடாமல் உட்காரவைக்க மாட்டார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மற்ற அப்பாக்களும் அதைத்தான் சொன்னார்கள், பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். அதனால்தான் தலையில் இடிபட்ட மறுநாளே நீ அந்தப் பரீட்சையில் பாஸாகிக் களத்தில் நின்றாய். நாலு வருஷமாகப் பத்துப் பேரைக் கண்ணசைவிலேயே ஓடவைத்து, கல்லூரியின் எல்லா ரெக்கார்டையும் உடைத்த, பந்தெறிந்து அணியை நடத்துகிற குவார்ட்டர்பேக் நீ, அன்று ஆளே இல்லாத இடத்துக்குப் பந்தை எறிந்தாய். வெயிலில் கண் கூசியிருக்கும் என்றது ஊர். எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, பெரிய அணிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் உன்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கடைசியில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னது நீதான்.

தீவனக் கடையில், என்னோடு பள்ளியில் ஆடிய டுவைட், உன் பையன் குந்திக்கிட்டதாலதான் கடைசி மேட்ச் தோத்தோம், நாமெல்லாம் அடிபட்டா எந்திரிச்சு ஆடலையா என்றான். அவன் அண்ணன் லைல் எங்கள் பள்ளி அணியில் பந்தெறிந்தவன், எத்தனையோ முறை அடிபட்டு எழுந்து ஆடியவன், இன்று சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மா போனில் உன்னிடம் தங்கச்சி பிறந்தநாள், நாய் பேர் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாளே, நான் பக்கத்திலேயே நின்றேன். பரீட்சையில் ஏமாற்றச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டதற்கு, யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன் என்று நீ சொன்னதையும் அப்போதுதான் கேட்டேன். போனை வைத்ததும் அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும். குளிருக்குத் தொப்பி போட்டுக்கொள். ஜனவரியில் பரீட்சையைத் திரும்ப வைப்பார்கள், தெரிந்ததையெல்லாம் சட்டுச்சட்டென்று சொல். உனக்கு மட்டுமல்ல, அணியில் எல்லாப் பையன்களுக்கும் வைக்கும்படி டாக்டருக்கு இன்று காலை எழுதிப் போட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா,
கெர்மிட்