வடகரை முகவரி

சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் கருகின வாடை கூடம் முழுக்கப் பரவியது. வந்திருந்த எலக்ட்ரீஷியன், "சார், இந்த மரப்பலகையெல்லாம் இப்ப யாரும் வைக்கறதில்ல. தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். பலகையின் பின்பக்கம் பென்சில் எழுத்து. உன் பெயர், உன் அப்பா பெயர், தென்கரை, நம் ஊர், தஞ்சாவூர் ஜில்லா. நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. உன் முகவரி மட்டும் என் வீட்டுச் சுவருக்குள் இத்தனை காலமாகக் குடியிருந்திருக்கிறது.

"வேண்டாம், கொடுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறி வந்த வருஷம் ஞாபகம் வருகிறது. உங்கள் தெருவில் டிப்ளமோ வாங்கிய முதல் ஆள் நீ. எங்கள் தெருவிலும் ஒருவரும் வாங்கவில்லைதான். ஆனால் எங்களுக்கு நிலம் இருந்ததால் அது குறையாகத் தெரியவில்லை. மின் மேற்பார்வையாளர் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதவேண்டும் என்றாய். லைசென்ஸ் இருந்தால் நீ செய்த வேலைக்கு நீயே கையெழுத்துப் போடலாம். விண்ணப்பத்தோடு கேட்டதில் எல்லாம் உன்னிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. இருப்பிடச் சான்று.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து ஊரார் மனுக்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாச் சட்டமும் தெரியும் என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் நம்பினேன். அந்தத் தெம்பில் உன்னை ஊர்க் கணக்கு பார்க்கும் கர்ணத்திடம் அழைத்துப் போனேன்.

"கையெழுத்துப் போட்டா நீ இங்க குடியிருக்கேன்னு ஆயிடும்டா" என்றார் கர்ணம்.

"குடியிருக்கேன்தானுங்களே?"

"அது எனக்குத் தெரியும். காயிதத்துக்குத் தெரியக்கூடாது."

விஷயம் இதுதான். குடிசை போட்டிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்தது. கூலிப் போராட்டத்தில் செங்கொடி பிடித்த உன் அப்பா, அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மிராசுதார் மேல் வழக்குப் போட்டிருந்தார். நீ தென்கரையில் வசிக்கிறாய் என்று கர்ணம் ஒரு வரி எழுதினால் அதுவே உங்கள் பக்கத்துச் சாட்சி. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளரிடமும் போனோம். மேடையில் குடிசைக்காக உருகுகிறவர் அவர். மிராசுதார் வீட்டுப் பந்தியில் அதைவிட நன்றாக உருகுவார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காரைக்கால். வேறு ஆட்சி, வேறு சட்டம், நடுவில் ஒரு மூங்கில் பாலம். வடகரையில் உன் மாமா வீடு. அங்கே வசிப்பதாக ஒரு சான்று வாங்கி அங்கேயே பரீட்சை எழுதலாமே!

"நான் தென்கரைக்காரன்டா. வடகரைன்னு எப்படி எழுதறது?" என்று தயங்கினாய்.

"பரீட்சை முடிஞ்சதும் திரும்பி வந்துடு. பாலம் எங்கயும் ஓடிடாது."

சான்று இரண்டே நாளில் கிடைத்தது. விண்ணப்பத்தை நான்தான் தட்டினேன். விதிமுறைத் தாளின் முதல் பக்கத்தைப் படித்தேன், பின்பக்கத்தைத் திருப்பவில்லை. அங்கே வசித்தால் போதாது, அங்கேயே படித்திருக்கவும் வேண்டும் என்பது பின்பக்கத்தில் இருந்தது. மனு திரும்பி வந்தது. இந்த மாநிலத்தில் படித்தவனுக்கு இங்கே வீடு இல்லை. அந்த மாநிலத்தில் வீடு உள்ளவன் அங்கே படிக்கவில்லை. பாலத்தில் நின்று எழுதுகிறவர்களுக்கு மட்டும் எவனும் பரீட்சை வைப்பதில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நான் வெறும் முட்டாள். ஆனால் எனக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே.

டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். "ஊர்ல எல்லாரும் அந்தக் கரைக்குத் தண்ணி போடப் போறான். நம்ம ஆளு ஒருத்தன்தான்யா முகவரி போடப் போனான்!" என்றேன். கடையே அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் மிராசுதாரின் காரியஸ்தர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஆபீஸ்ல வாங்கினான் தம்பி?" என்று கேட்டார். என் கதைக்கு இப்படி ஒரு ரசிகரா என்று பூரித்துப்போய், ஆபீஸ், மேஜை, குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி வரைக்கும் சொன்னேன்.

அடுத்த வாய்தாவில் அந்தச் சான்றின் நகல் கோர்ட்டில் இருந்தது. மகனே வடகரையில் வசிக்கிறான். தென்கரைக் குடிசை அறுப்புக் காலத்தில் தங்கப் போட்ட கொட்டகை. தீர்ந்தது வழக்கு. உன் அப்பா குடிசையைப் பிரித்து, கீற்றைத் தலையில் சுமந்துகொண்டு வாய்க்கால் புறம்போக்குக்கு நடந்தார். என்னைக் கடந்தபோது என்னைப் பார்க்கவில்லை. நீ பார்த்தாய்.

"நல்ல ஜோக்குதான்டா. கோர்ட்டுல வக்கீல்கூட சிரிச்சாரு" என்றாய்.

அதற்கப்புறமும் நீ என்னோடு பேசினாய். அதுதான் தண்டனை. ஆயுசு முழுக்க அடுத்தவன் லைசென்ஸில் வேலை பார்த்தாய். நீ ஒயர் இழுத்த வீடுகளுக்கெல்லாம் வேறொருவன் கையெழுத்துப் போட்டான். என் வீட்டு வேலைக்கு வந்தபோது, "பலகைக்குப் பின்னால என்னடா கிறுக்கற?" என்று கேட்டேன். "இருப்பிடச் சான்று" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. "எல்லா வீட்டுலயும் எழுதறதுதான்" என்று வேறு சொன்னாய்.

நேற்று மிராசுதார் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு ஒயரிங்கும் உன் கைதான். பெரியவர் இல்லை, மகன் இருந்தார். கூடத்தில் அதே மாதிரி மரப்பலகை, அசையாமல்.

"என்ன சார், போர்டையே பாக்கறீங்க?"

நாக்கு துடித்தது. அதன் பின்னால் உன் முகவரி இருக்கிறது என்று சொன்னால் இரண்டு ஊரும் சிரிக்கும். என் வாழ்நாளில் இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கப் போவதில்லை. சொன்ன மறுநாள் அந்தப் பலகை அடுப்புக்குப் போகும்.

"ஒண்ணுமில்லீங்க. நல்ல வேலை. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

வரும் வழியில் டீக்கடை இருந்தது. நான் நிற்கவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். அங்கேயே குடியிரு. இந்தத் தடவை என் வாயால் உன் வீடு போகாது.