பதினெட்டுப் பேரில் ஏழு பேர்

சேசுவுக்கே புகழ்.

அன்பு மகன் லூர்து பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம், குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தப் பழைய இருமல் விட்டதா என்பதுதான் கவலை. அப்பா நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் கிடைக்காமல் விடிந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறார், முட்டிவலிக்கு மாத்திரை போடச் சொன்னால் காதில் விழாதது போல் போகிறார். உன் தங்கை சகாய பிரியா விழுப்புரத்தில் ஹாஸ்டலில் இருந்து பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ “சரிம்மா, சரிம்மா” என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்புகிற நம் தெரு ராயப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி.

நம் ஊர் வாட்ஸப் குரூப்பில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ போட்டதைத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை பதினெட்டுப் பேருக்கு வாசிப்புத் தேர்வு வைத்தார்கள், ஏழு பேர்தான் தமிழைத் தடங்கலில்லாமல் வாசித்தார்கள் என்று தாள் வந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, நீ அங்கிருந்துகொண்டு “எதுக்கு இத வச்சிக்கினு இருக்கீங்க, பேசாம மூடிட்டு பெரிய ஸ்கூலோட சேத்துடுங்க” என்று எழுதிவிட்டாய். அதற்கு இருபத்து மூன்று பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். போடுவதற்கு முன்னால் அம்மாதானே அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ், ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லையா உனக்கு?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் செங்கல் சூளைப் பிள்ளைகள். செஞ்சிப் பக்கத்திலிருந்து பொங்கல் கழித்து அப்பா அம்மாவோடு வருவார்கள், மழைக்கு முன்னால் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு வருஷத்தில் இரண்டு பள்ளிக்கூடம், இரண்டிலும் அரைகுறை. வந்து ஆறு வாரத்தில் தேர்வு. அந்த ஒன்பதில் ஒன்றுதான் வாசித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதில் ஆறு பேர் வாசித்தார்கள். வாசிக்காத மூன்று பேருக்கு நானும் கிருஷ்ணவேணி டீச்சரும்தான் பொறுப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டே பேர், வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலையில் வேன் ஏறித் திண்டிவனம் போய்விடுகிறார்கள் என்பதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் எழுத இடம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். மேலத்தெரு தேவநாதன், தன் பேரனை வேனில் அனுப்புகிறவர், அவருக்கு அங்கே என்ன வேலையோ, ஒரு மனுவை டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்க்க வேண்டுமாம், பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சென்னை ரோடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? லாரியும் பஸ்ஸும் பறக்கிற நாலு வழிச் சாலையை ஆறு வயதுப் பிள்ளை தினம் இரண்டு தடவை தாண்ட வேண்டும். அதைத்தான் நான் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து நீ எழுதியதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். “டீச்சர் பெத்த புள்ளையே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா யோசன? ஜல்தியா கையெழுத்த போடுங்க” என்றார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை பிரகாஷ். நாலு பேர் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

அப்போது சூளையில் வேலை செய்கிற கோவிந்தம்மாள், நாலாம் வகுப்பு பானுப்ரியாவின் அம்மா, புடவையில் காய்ந்த சேற்றோடு கடைசியில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து நின்று, “டீச்சர், உங்க புள்ள இந்த ஸ்கூல்லதான் படிச்சாருங்களா?” என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். பொய் சொல்ல முடியுமா? இதே கட்டடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு, உன்னை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏழே முக்கால் பஸ்ஸில் திண்டிவனம் கான்வென்ட்டுக்கு அனுப்பினவள்தானே நான். “இல்லம்மா, திண்டிவனத்துல” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. “அப்ப அவருக்கு இத பத்தி இன்னா தெரியும்? தை மாசம் வந்தப்ப எம்பொண்ணுக்கு ‘அ’னா கூட தெரியாது. இப்ப எழுத்து கூட்டிக்கினு பஸ் போர்டு படிக்கிது. ரோட்ட தாண்டி அனுப்பணும்னா நான் அனுப்பவே மாட்டேன், செங்கல்லு அறுக்க என்கூட கூட்டிக்கினு போயிடுவேன்” என்றாள். அதற்கப்புறம் சூளைக்காரர்கள் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. காலனியிலிருந்து வந்த அம்மாக்களும் எழுந்து போய்விட்டார்கள். முதலில் போட்ட நாலு பேரில் ஒருவர் திரும்பி வந்து தன் பெயரை அடித்தார். தேவநாதன் மூன்று கையெழுத்தோடு மனுவைச் சுருட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். இந்த வருஷத்துக்குத் தப்பித்தோம், அடுத்த வருஷம் தெரியாது.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் கூட்டம் முடிந்து பெஞ்சுகளை எடுத்துப் போடும்போது எனக்கு என் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. நம் பள்ளிக்கூடம் ஆகாது என்று உனக்கு முதலில் சொன்னது நான்தான், வாயால் சொல்லாமல் பஸ் ஏற்றிச் சொன்னேன். நீ அதையே இப்போது குரூப்பில் எழுதியிருக்கிறாய். இதை அப்பாவிடம் சொன்னபோது, “இப்ப வந்து பேசறியா” என்றார்.

நீ போட்டதை அழித்துவிட்டு ஓடிவிடாதே, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று அதே குரூப்பில், அதே பெயரில் எழுது. தவக்காலம் இது, வெள்ளிக்கிழமையாவது கறி இல்லாமல் இரு. ராயப்பனிடம் கேப்பை மாவும் மல்லாட்டை உருண்டையும் கொடுத்திருக்கிறேன், ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு. ஜூன் மாதம் லீவில் வரும்போது, சூளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்னால், ஒரே ஒரு நாள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வா. எட்டு மணிக்குக் கிளம்புவேன், நடந்துதான் போக வேண்டும். நீ அங்கே ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
ஜெசிந்தா