உள்ளங்கால் பார்க்கும் கண்ணாடி

இன்று காலை உன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கார்த்திகை தீபத்துக்கு வந்த கடையொன்றில் உன் மனைவி கற்பகம் வாங்கியது. சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு, பின்பக்கம் பாதி உரிந்துபோன மயில். முகம் பார்ப்பதற்கென்று செய்த அந்தக் கண்ணாடியில் உன் வீட்டில் யாரும் முகம் பார்த்ததில்லை. ஒரு காலைத் தூக்கி மற்ற முட்டியின் மேல் போட்டு, கண்ணாடியைக் கீழே பிடித்து, குதிகாலிலிருந்து விரல் இடுக்கு வரை மெல்ல நகர்த்த வேண்டும். கேமராவைத் திருப்புகிறவனின் லாகவம் உனக்கு இருந்தது. எனக்கு அந்தக் கை வரவில்லை. ஆனாலும் இன்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். இடது குதிகாலின் விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்பு. புது ஷூ கடித்த இடம்.

நாளை பௌர்ணமி. மலை சுற்ற வரும்படி கற்பகம் சொல்லியிருக்கிறாள். இந்தக் காலோடு போவதா வேண்டாமா என்று உன்னிடம் கேட்டிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

இந்த ஊரிலிருந்து ஒரே நாளிதழுக்கு நான் செய்தி அனுப்பினேன், நீ படம் அனுப்பினாய். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தின் மனு நாளுக்கும், கரை உடைந்த ஏரிக்கும், தேருக்கும் உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி நீ அழைத்ததில்லை. பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியான அன்றுகூட, "நிருபரே, நம்ம மேலயே ஒரு நியூஸ் வந்துட்டுதுய்யா" என்றுதான் போனில் சொன்னாய்.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அந்த நாட்களில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் உன் விரல்களில் ஊசி குத்தியது. ஃப்ரிட்ஜிலிருந்து எதையும் நீ எடுக்காதபடி கற்பகம் காவல் இருந்தாள். கடைசி மருந்தும் ஏறி முடிந்தபின், இனிச் சில ஆண்டுகளுக்கு ஒழுங்காகப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நீ தலையாட்டினாய். உன்னைப் பொறுத்தவரை விஷயம் அன்றே முடிந்துவிட்டது.

முடியவில்லை என்பது உன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் எடுத்தாய். லென்ஸ் மூடி கைநழுவி உருண்டு ஓடினால் "வழுவழுன்னு செய்யறானுங்கய்யா" என்று கம்பெனிக்காரனைத் திட்டினாய். கேமராவின் பொத்தான் அழுந்தியதா இல்லையா என்பதை விரலால் அறிய முடியாமல், கிளிக் சத்தத்தைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாய். மேளச் சத்தத்துக்கு நடுவே அதுவும் கேட்காது. அதனால் ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுத்தாய். இதில் எதையும் நீ யாரிடமும் சொல்லவில்லை. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு, "சூப்பரா இருக்கேன் டாக்டர்" என்ற ஒரே பதில்தான்.

நீ மருந்தில் படுத்திருந்தபோது கற்பகம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நீ பிழைத்து எழுந்தால், நீயே வெறுங்காலோடு மலையைச் சுற்றி வர வேண்டும். சித்திரையில் அதை நிறைவேற்றப் புறப்பட்டோம். பௌர்ணமிக் கூட்டம் உனக்கு ஆகாது என்று சாதாரண நாளாகப் பார்த்து, விடிந்ததும் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. "வேங்கிக்கால்ல ஒரே ஒரு படம், இதோ வந்துடறேன்" என்று போன நீ, திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போதே தார் சுடத் தொடங்கியது. நானும் கற்பகமும் மர நிழலுக்கு நிழல் ஓடினோம். நீ மட்டும் நடுரோட்டில் நிதானமாக நடந்து வந்தாய். வழியில் நின்று ஒரு குரங்கைக்கூடப் படம் எடுத்தாய். வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் உன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைகூப்பினார்.

"சாமி, உங்களுக்கு சூடே தெரியலீங்களா?"

"எல்லாம் அவன் செயல்மா," என்று மலையைக் காட்டினாய்.

கற்பகத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. என்னிடம் தாழ்ந்த குரலில், "பாருங்கண்ணா, கால்ல குளுமையைக் குடுத்துட்டான்" என்றாள். நானும் நம்பினேன். நீயும் நம்பினாய் என்று பிறகு சொன்னாய். இந்த ஊரில் சுடும் தாரில் ஒருவன் வெறுங்காலோடு பதறாமல் நடந்தால் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. ஆதி அண்ணாமலைக்கு வந்தபோது கற்பகத்தால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. "என்னைச் சாமி மன்னிக்கட்டும், ஆட்டோ பிடிங்க" என்றாள். உனக்கு ஏமாற்றம். இன்னும் ஒரு சுற்றுகூட வருவேன் என்று பெருமை பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாய்.

வீட்டு வாசலில் கால் கழுவத் தண்ணீர் ஊற்றிய கற்பகம்தான் முதலில் பார்த்தாள். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் கொப்புளமாகப் புடைத்து, சில இடங்களில் கிழிந்து தொங்கியது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடு வந்துவிட்டது. நீ குனிந்து பார்த்துவிட்டு, "இது யாரு காலு?" என்று கேட்டாய். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

புண் ஆறுவதற்குள் அடுத்த பரிசோதனை நாள் வந்தது. நானும் உடன் வந்தேன். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"எப்பலேர்ந்து மரத்திருக்கு?"

"கடைசி மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே டாக்டர். அப்பால ஜாஸ்தியாயிட்டுது."

"ஏன் சொல்லல?"

நீ கற்பகத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "உசுரையே மீட்டுக் குடுத்திருக்கீங்க. காலு மரத்துப்போச்சு, பொத்தான் போட வரலன்னு வந்து நிக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதோட, சொன்னா மறுபடியும் வந்துட்டுதுன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நோய் திரும்ப வருதான்னு பாக்கறது பாதி வேலைதான். மருந்து விட்டுட்டுப் போனதைப் பாக்கறது மீதி. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் உங்களை வரச் சொல்றோம்" என்றார். நோயைக் கொன்ற மருந்தே நரம்பு நுனிகளையும் தொட்டிருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம், பிறகு மெல்லக் குறையலாம். சிலருக்கு முழுக்கப் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். உனக்கு எப்படி என்று இப்போதே சொல்ல முடியாது. அதுவரை உன் காலுக்கு உன் கண்தான் காவல். தினமும் பார்க்க வேண்டும், குளிக்கும் தண்ணீரின் சூட்டை வேறு யாராவது தொட்டுச் சொல்ல வேண்டும், ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தடுமாறாமல் நிற்கப் பயிற்சி சொல்லித்தர ஓர் ஆளிடமும் அனுப்பினார்.

கற்பகம் எழுந்து நின்றே கேட்டாள். "ஒரே ஒரு தடவை டாக்டரம்மா, வெறுங்கால்ல? வேண்டுதல் பாதியில நிக்குது."

"நடக்கட்டும்மா. நடக்கறது அவருக்கு நல்லது. வெறுங்கால்ல வேணாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா புண்ணு ஆறும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் உன்னிடம் ஒன்று சொன்னேன். இடம் போதாவிட்டால் டெஸ்கில் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள், முக்கியமானதை முதல் பத்தியில் வைக்காவிட்டால் அது வாசகனிடம் போய்ச் சேராது, டாக்டருக்கும் உன்னைப் பார்க்க இருக்கிற நேரம் அவ்வளவுதான் என்றேன். நீ சிரித்தாய். "காலு மரத்ததுதான் லீடு நியூஸா? சரிய்யா, இனிமே கதவைத் தொறக்கும்போதே அதைத்தான் சொல்றேன்."

பஸ்ஸில் கற்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் மனதில் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். வேண்டுதல் அரைகுறையாக நின்றால் நோய் திரும்பிவிடும் என்பது அவள் பயம். நிறைவேற்றினால் உன் கால் போய்விடும். செஞ்சியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, வேண்டிக்கிட்ட வாயி என்னுதுதானே?"

"ஆமாம், அந்த வாயைத்தான் இத்தனை வருஷமா கேட்டுனு இருக்கேன்."

"அப்போ காலும் என்னுதாவே இருக்கட்டும். நான் செருப்பில்லாம நடக்கறேன். நீங்க ஷூ போட்டுனு கூட வாங்க. சாமிக்கு இன்னா தெரியாதா?"

மார்கழியில் ஒரு விடிகாலை மூவரும் நடந்தோம். தெரு முழுக்கக் கோலம், தார் குளிர்ந்து கிடந்தது. நீ அகலமான மெத்தென்ற ஷூவில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தாய். கற்பகம் வெறுங்காலோடு உன் இடது பக்கமே நடந்தாள். குபேர லிங்கத்தின் அருகே ஒருவர் உன்னை வழிமறித்தார். "மலையைச் சுத்த வந்துட்டு ஷூவாய்யா? கழட்டுய்யா!"

நான் விளக்கம் சொல்ல வாயெடுக்குமுன் கற்பகம் முந்திக்கொண்டாள். "அவரு காலு லீவுல இருக்குதுங்க. அதுக்குப் பதிலா நான் டூட்டி பாக்கறேன்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வழி விட்டார். கிழக்குக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது கற்பகம் கற்பூரம் ஏற்றினாள். அதன்பின் அவள் பரிசோதனைக்கு முந்தின நாட்களில் நடுங்கியதை நான் பார்க்கவில்லை.

அந்தக் கண்ணாடி வந்தது அதற்கு முந்தின மாதம், கார்த்திகை தீபத்தின்போதுதான். தினமும் பல் துலக்கியதும் பாதம் பார்ப்பது என்று ஆக்கிக்கொண்டாய். பரிசோதனை அறைக்குள் நுழையும்போதே "டாக்டர், முதல் பத்தி..." என்று தொடங்குவாய். அவரும் பழகிவிட்டார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த நாளில் மயக்கம் தெளிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஃபோகஸ் சரியா இருந்துதா?" வெளியே காத்திருக்கும் புதிய நோயாளிகளிடம், "இன்னா, எல்லாம் சூப்பரா இருக்குன்னு சொல்லப்போறியா? உண்மையைச் சொல்லுய்யா" என்று வம்பிழுத்தாய். சிலர் முறைத்தார்கள். சிலர் உள்ளே போய்ச் சொன்னார்கள்.

ஒருநாள் காலையில் நீ போன் செய்து கத்தியதை மறக்க முடியாது. "நிருபரே, வலிக்குதுய்யா! கொல்லையில முள்ளு குத்திட்டுது, நல்லா வலிக்குதுய்யா!" வலியை இவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்ன குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. உனக்கு முழுவதும் திரும்பவில்லை. வலது காலின் இரண்டு விரல்கள் கடைசிவரை ஊமையாகவே இருந்தன. ஆனால் பொத்தானைப் பார்க்காமல் போட்டாய். மேளத்துக்கு நடுவிலும் ஒரே கிளிக்கில் படம் எடுத்தாய்.

நீ போனது அந்த நோயால் அல்ல. யாராவது என்னிடம் "அதே கேன்சர்தானா?" என்று கேட்டால் நிறுத்தித் திருத்துகிறேன். செய்தி தவறாகப் போகக்கூடாது. கடைசிப் பரிசோதனையிலும் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு விடிகாலையில் இதயம் நின்றது, அவ்வளவுதான். மருந்து முடிந்தபின் நீ வாழ்ந்த ஆண்டுகள் நீண்டவை. அவற்றில் பெரும்பகுதி பைக்கில் போனது.

பிறகு என் முறை வந்தது. எனக்கு நிணநீர் முடிச்சுகளில் புற்றுநோய். நோய் வேறு, மருந்தும் வேறு, கால் மரத்தது மட்டும் உன்னுடையதுபோலவே. முதல் பரிசோதனைக்குப் போனபோது நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்: "டாக்டர், ரெண்டு பாதமும் மரத்திருக்கு." அந்த இளம் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "பரவால்லையே, நீங்களே சொல்லிட்டீங்க. எல்லாரும் கெளம்பும்போதுதான் சொல்வாங்க" என்றார். அந்தப் பாராட்டு உனக்குச் சேர வேண்டியது.

அன்று மாலையே கற்பகம் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு செய்தியும். "உங்களுக்கும் வேண்டிக்கிட்டேன் அண்ணா. பயப்படாதீங்க, இந்தத் தடவை என் காலுன்னு தெளிவா சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன்."

குதிகாலின் சிவப்பைப் பற்றிச் சற்றுமுன் அவளுக்குப் போன் செய்தேன். "அப்போ நாளைக்கு வேணாம்" என்றாள் உடனே. "பௌர்ணமி மாசாமாசம் வருதுண்ணா. காலு மாசாமாசம் வராது. ஷூவை மாத்துங்க, அடுத்த மாசம் நடப்போம்." நீ சொல்லியிருக்கக்கூடியதும் இதுதான் என்று தோன்றியதால் ஒப்புக்கொண்டேன். புது ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பரண் மேல் போட்டாயிற்று. உன்னுடைய பழைய ஷூவைக் கொண்டுவருகிறேன் என்கிறாள். ஓர் அளவு பெரிது, பரவாயில்லை, தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. காலையில் அந்தச் சிவப்பைக் கண்ணாடியில் பார்த்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். லேசாக எரிந்தது. சந்தேகப்பட்டு மறுபடி அழுத்தினேன். மறுபடியும் எரிந்தது.

முதல் பத்தியில் வைத்திருக்க வேண்டிய செய்தி. கடைசியில் வைத்துவிட்டேன். நீ வெட்ட மாட்டாய்.