பெருமல்லர் மழிகத்தியின் அலகு உடைந்த உண்மை

நலம் சூழ்க. பருவம் தவறாது மழை பெறும் தென்பொழில் நாட்டின் தலைவியும், பகைவரும் நம்பும் சொல்லை உடையவருமாகிய பேரரசி பூங்கழல் மாதேவியார் திருமுன்பு, குடகரை நாட்டுக்குத் தூது வந்த அமைச்சன் சாத்தன் ஆழியான், ஏழுகுன்ற நகரத்து விருந்தினர் மாளிகையிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை.

தேவியாரின் குடை நிழல் குடிகள்மேல் நீடுக. வந்த காரியம் இன்று முற்பகலில் நிறைவேறியது.

இந்நாட்டு வேந்தர் நெடுமல்லரின் தந்தையார் பெருமல்லர் நம் கோட்டையில் சிறையிருந்து காலமானதும், அவர் நாள்தோறும் தம் கையாலேயே மழித்துக்கொண்ட தந்தப்பிடிக் கத்தி நம் பண்டகசாலையில் ஒன்பது ஆண்டுகள் துருவேறிக் கிடந்ததும், அக்கத்தி வந்து சேரும்வரை தாடி களைவதில்லை என்று மகனார் நோன்பு பூண்டதும், அதனைத் திருப்பித் தந்தால் ஆற்றங்கரைப் படையை விலக்கிக்கொள்வதாக அவர் வாக்களித்ததும் தேவியார் அறிந்தவையே. அறியாத ஒன்று உண்டு. அதை மறைத்தவன் அடியேனே.

கத்தியைச் செப்பனிடும் பணி அரண்மனை நாவிதர் கூத்தன் தூமனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆறு நாள் எண்ணெயும் சாம்பலும் இட்டுத் துருவை நீக்கி, நீர் தெளித்துக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, தளர்ந்திருந்த பிடியின் ஆணியையும் இறுக்கினார். அலகு நீரோடைபோல் மின்னிற்று. விளிம்பருகே மிளகளவான ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சியது. அதையும் போக்குமாறு நான் வற்புறுத்தியபோது அவர், “வேணாஞ்சாமி. துரு உள்ளே தின்னுடுச்சு. இதுக்கு மேல தேச்சா அலகு தாங்காது. கெடந்துட்டுப் போகட்டும், விடுங்க” என்றார்.

குறையுள்ள பொருளைக் கொண்டு சென்றால் நம்மைப் பழிப்பார்களே என்னும் அச்சம் என்னை விடவில்லை. அவர் உணவு கொள்ளச் சென்ற வேளையில் நானே கத்தியைக் கல்லில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். மெல்லிய ஓசை ஒன்று எழுந்தது. குறுநொய் அளவு இரும்பு என் விரலடியில் கிடந்தது. பின்பு அதைப் பொருத்த முயன்ற மடமையை எழுதவும் நாணுகிறேன்.

மாலையில் அரண்மனைப் பணிகளின் கண்காணியார் அலகின் உடைவைக் கண்டு, இதைத் தொட்டவன் யார் என்று வினவினார். அங்கிருந்த அனைவரும் தூமனை நோக்கினர். தூமன் என்னை நோக்கினார். நான் வாய் திறக்கவில்லை. பின் அவர் தலை கவிழ்ந்தார். மீண்டும் தீட்ட நாளில்லாமையால் கத்தியை அப்படியே பேழையில் வைத்துப் புறப்பட்டேன். அவர் காலில் விலங்கு பூட்டப்பட்டதையும், வரும் வெள்ளியன்று அவர் வலக்கைப் பெருவிரலைக் களைவதென முடிவானதையும் அறிந்தே புறப்பட்டேன்.

இன்று அவையில் வேந்தர் பேழையைத் திறந்தார். நெடுநேரம் பிடியையே தடவினார். அங்கேனும் குறையைச் சொல்லியிருக்கலாம், சொன்னேனில்லை. அவர் கத்தியுடன் தனியே உள்ளறைக்குச் சென்று கதவடைத்தார். வெளியே நின்ற எனக்கு உள்ளே நீர் சிந்தும் ஓசை மட்டும் கேட்டது. அவர் மீண்டு வந்தபோது தாடி இல்லை. இடக் கன்னத்தில் நீளமாகக் கீறி, குருதி கழுத்துவரை வழிந்திருந்தது. அவையினர் கைகள் ஒருங்கே வாட்பிடிக்குச் சென்றன. கத்தியில் நஞ்சு பூசியிருக்கிறது என்று ஒருவர் கூவினார்.

வேந்தர் கையுயர்த்தி அவர்களை அமர்த்தினார். “சும்மா இருங்கய்யா. எங்கப்பா கத்தியில்லே? எடுத்ததும் கை நடுங்கிப்போச்சு. என் கை செஞ்ச தப்புதான்” என்றார். அப்போதே படையை விலக்கும் ஆணையில் முத்திரையும் இட்டார்.

பின்னர் என்னை மட்டும் அருகழைத்து, பிறர் கேளாவண்ணம், “அலகுல ஒரு பல்லு போயிருக்கு. யாரு வேலை?” என்றார்.

“என் வேலை” என்றேன். அச்சொல்லை இன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

அவர் சினக்கவில்லை. குருதியைத் துணியால் ஒற்றியபடி, “இதை உங்க ஊர்ல சொன்னீரா?” என்று கேட்டார்.

உடனே மாளிகைக்குத் திரும்பி, உணவும் கொள்ளாது இவ்வோலையை எழுதுகிறேன். இன்று புதன். விரைந்த குதிரைக்கும் நம் கோட்டையுள்ள கருவிளை நகரம் ஒன்றரை நாள் வழி. இடையிலே ஆறு பெருகியிருக்கிறது. ஓடக்காரர் தாமதிக்கவும் கூடும். இதே ஓலையின் படியொன்றை மலைவழியே வேறொரு வீரனிடமும் அனுப்பியிருக்கிறேன். எது முந்தி வந்தாலும் தேவியார் அதை நம்பியருள வேண்டும்.

எனவே தூதமைச்சனுக்குத் தேவியார் அளித்த முத்திரையின் ஆற்றலால் ஆணையிடுவது: இவ்வோலை கண்ட கணமே கண்காணியார் கூத்தன் தூமனை விடுவித்து, கண்டோர் முன்னிலையில் அவரிடம் பிழை பொறுக்குமாறு கேட்க. இது அடியேன் இம்முத்திரையால் இடும் கடைசி ஆணை. அவர் காலினின்று கழற்றும் விலங்கை உள்ளே எடுத்துச் செல்லாது, அடியேன் வந்து சேரும்வரை கோட்டை வாயிலிலேயே வைத்திருக்க.

இவை சாத்தன் ஆழியான் எழுத்து. அரக்கின்மேல் முத்திரையருகே பதிந்திருப்பதும் என் பெருவிரலே.