அப்பாவுக்குக் கயாக் பார்த்த கதை

அன்பு மகள் லிடியாவுக்கு, அம்மா அன்னபுஷ்பம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பா, தம்பி நிர்மல், நான் மூன்று பேரும் இங்கே சுகம். அந்த அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளை ஜோயலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் தினமும் ஜெபத்தை முடிக்கிறோம். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே அம்மா நிறுத்து என்பாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. விஷயம் இதுதான், நாங்கள் ஒரு படகு வாங்கிவிட்டோம். கையால் துடுப்புப் போடுகிறது இல்லை, காலால் மிதித்து ஓட்டுகிற கயாக், மீன் பிடிக்க. ஆமாம், அப்பாவைத் தண்ணிப் பக்கமே விடாதே என்று நீ சொல்லிவிட்டுப் போன பிறகுதான் வாங்கினோம்.

நீ போன தடவை வந்தபோது அப்பா உன் எதிரில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நீ விமானம் ஏறினாய், அந்தச் சிரிப்பும் உன்னோடு ஏறிப் போய்விட்டது. ஒரகடம் கூட்டுரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தோளில் பிளேட் வைத்ததிலிருந்து வலது கை மார்புக்கு மேல் எழவில்லை என்பது உனக்குத் தெரியும், தோளைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் தெரியும், பிசியோதெரபி உன் படிப்பு. ஆனால் மனுஷரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது அவருக்கு எப்படி இருந்தது என்பது வீடியோ காலில் தெரியாது. அத்தனை வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவரை டிரான்ஸ்போர்ட் ஷெட்டில் உட்கார வைத்து, எந்த பஸ் எந்த ரூட் என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். நல்ல மனசோடு கொடுத்த வேலைதான், குறை சொல்லக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தூண்டிலையும் விட்டுவிட்டார். இடது கையால் வீசப் பழகினார், பழகியும் விட்டார், ஆனால் கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் ஓரத்து ஆகாயத்தாமரையில்தான் போய் விழுகிறது, விரால் கிடப்பதோ அதையெல்லாம் தாண்டி அல்லிக் கூட்டத்துப் பக்கம். ஒரு நாள் தூண்டில்களை எல்லாம் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். நீ வாங்கிக் கொடுத்த உடற்பயிற்சி சைக்கிளில் ஏறச் சொன்னால், போவாத வண்டிய எதுக்கு மிதிக்கணும் என்பார். அதில் இப்போது என் நைட்டிகள் காய்கின்றன, மன்னித்துக்கொள்.

அப்படி இருக்கும்போதுதான் நிர்மல் போனில் ஒரு வீடியோ காட்டினான். எந்த ஊர் ஏரியோ தெரியாது, ஒரு ஆள் படகில் நாற்காலி போட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, காலால் மிதித்துக்கொண்டே இரண்டு கையிலும் தூண்டில் பிடித்திருக்கிறான். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இத்த கையால தள்ளவே வேணாமா என்று கேட்டார். லிடியா, அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து எத்தனை மாசம் ஆகியிருந்தது தெரியுமா, எனக்கு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை, இதை ஜோயலிடம் சொல்லாதே. இதில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் சைக்கிள் மாதிரி சுற்றி மிதித்தால் அடியில் ஃபேன் மாதிரி ஒரு இறக்கை சுழலும், பின்பக்கமாக மிதித்தால் படகு பின்னால் வரும். இன்னொன்றில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்னால் தள்ளினால் அடியில் இரண்டு துடுப்பு மீன் வால் போல இப்படியும் அப்படியும் அடிக்கும். சுழல்கிறதே வாங்கலாம், ரிவர்ஸ் கீது என்று நிர்மல், நம்ப ஏரில ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள ஆகாயத்தாமர வேரு மாட்டிக்கும், அப்பறம் எவன் குனிஞ்சு எடுக்கறது என்று அப்பா. சாப்பிடும்போது சண்டை, சர்ச்சுக்குப் போகிற வழியில் சண்டை, பிரசங்கத்தின் நடுவில்கூட அப்பா குனிந்து அவன் காதில், வாலடிக்கிறதுன்னா ஒரு கால முழுசா முன்னால நீட்டினா துடுப்பு மடிஞ்சு அடியோட ஒட்டிக்கும்பா, வேரு மேல வழுக்கினு போவும் என்கிறார். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பை அடக்கத்தான் கஷ்டப்பட்டேன்.

ஏரியைக் குத்தகை எடுத்திருக்கிற கோதண்டம் அண்ணனிடமும் முதலில் போய்க் கேட்டோம். கேட்காமல் இறங்கினால் நாளைக்குப் பேச்சு வரும். அவர் சிரித்துவிட்டு, தூண்டில்ல இன்னாத்த அள்ளிடப் போற டிரைவரே, வலை மட்டும் போடாத, தாராளமா போ என்றார். அதுவரைக்கும் எனக்கு இது விளையாட்டாகத்தான் இருந்தது, அவர் சரி என்றதும் நீ சொன்னது ஞாபகம் வந்தது. நடுத்தண்ணியில் விழுந்தால் ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நிர்மல் தன் சிநேகிதனுடைய குட்டி யானை வண்டியைக் கேட்டு வாங்கிவந்து ஈ.சி.ஆர் பக்கம் கழிமுகத்தில் இருக்கிற ஒரு கடைக்கு எங்களைக் கூட்டிப் போனான். அங்கே படகை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கலாம். ஓட்டக் கற்றுத்தருகிற பெண் பெயர் சத்யப்பிரியா, உன் வயசுதான் இருக்கும், வெயிலில் காய்ந்து கறுத்து, வாய் நிறையச் சிரிப்பு. அப்பா தோளை அவளிடம் மறைக்கப் பார்த்தார், நான் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவே இல்லை. அங்கிள், எந்த போட் வேகமா போகுதுன்னு கடைசில பாப்போம், விழுந்தா எந்த போட்ல உங்களால திரும்ப ஏற முடியுதுன்னு மொதல்ல பாக்கலாம், ஏற முடியலன்னா நானே உங்களுக்கு விக்க மாட்டேன் என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலில் நிர்மல் ஆசைப்பட்ட சுழல்கிற வகை, ஒருவர் உட்காருவது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அப்பா மிதித்தார், ராஜா மாதிரி போனார், ரிவர்ஸும் வந்தார். நிர்மல் கைதட்டினான். அப்புறம் சத்யப்பிரியா தானும் தண்ணியில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இப்ப விழுங்க அங்கிள் என்றாள். விழுந்தார். அந்தப் படகின் ஓரம் கொஞ்சம் உயரம். இடது கையால் பிடித்து இழுக்கிறார், படகுதான் அவர் மேல் சாய்கிறது, உடம்பு ஏறவில்லை. மறுபடியும் பார்த்தார், மறுபடியும். கடைசியில் அவள் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட என் பக்கத்தில் வந்து நின்று, போலாம் புஷ்பம், வூட்டுக்குப் போலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு நிமிஷம் நானும் சரி என்றுதான் சொல்லப் போனேன். அப்போது உன் குரல் காதில் கேட்டது, ஆனால் வேறு மாதிரி கேட்டது. நீ அவருடைய காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் காலுக்கு இருபது வயசும்மா என்று சொன்னாயே. நான் அவர் கையைப் பிடித்து, வந்தது வந்தோம், ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போலாங்க, ஆசைக்கு என்றேன்.

சத்யப்பிரியா வேறொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் புதுசாக வருகிறவர்களுக்குக் கற்றுத்தர வைத்திருக்கிற மாடல், அகலம், ஓரம் தாழ்வு, வாலடிக்கிற வகை. கைய மறந்துடுங்க அங்கிள், படுத்தாப்ல மெதந்து கால ஒதைங்க, ஒதைச்ச வேகத்துல வயித்த மேல போடுங்க என்றாள். அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு உதைத்தார். பஸ் கிளட்ச் மிதித்த கால் இல்லையா, தண்ணி நாலு பக்கமும் சிதறியது, அடுத்த நொடி கரையில் தூக்கிப் போட்ட கெண்டை மாதிரி வயிற்றோடு படகின் மேல் கிடக்கிறார். கிடந்தபடியே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் அழ, நான் அழுவதைப் பார்த்து நிர்மல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அங்கே டீ விற்கிற அம்மா என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று ஓடி வந்துவிட்டாள். அப்பா அதோடு விட்டாரா? தானாகவே விழுகிறார், ஏறுகிறார், மறுபடி விழுகிறார். கடைசியில் சத்யப்பிரியா, அங்கிள் போதும், நீங்க போட் வாங்க வந்தீங்களா, விழ வந்தீங்களா என்று கேட்டாள்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்றை நீ கட்டாயம் கேட்க வேண்டும். படகைத் திருப்ப ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது, அதை நல்ல கைப் பக்கம், இடது பக்கம் வைத்துத் தருகிறேன் என்றாள் அவள். நாங்களும் தலையாட்டினோம். அப்பா மட்டும், வேணாம்மா, வலது பக்கமே வையி என்றார். இடது கை தூண்டிலுக்கு வோணும், இதுக்கு ரெண்டு வெரலு போதும், இந்தக் கையும் எத்தினி நாளு சும்மா குந்திக்கினு இருக்கும் என்றார். மடியில் கிடந்த அந்தக் கையை அவர் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

சரி, இதுதான் என்று முடிவானபோதுதான் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். அது இரண்டு பேர் உட்காருகிற படகு. முன்னால் யார்? மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, கோயில் குளத்தைப் பார்த்தாலே தள்ளி நடப்பேன், உனக்குத் தெரியும். முதலில் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன், கார் சீட் தைக்கிற லைனில் இத்தனை வருஷம் இருந்த பழக்கம், தையல் நெருக்கமாக நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சாக்கில் உட்கார்ந்தும் விட்டேன். மாற்றி மாற்றி மிதி என்றார்கள், மெஷின் மிதித்த காலுக்கு அது என்ன பெரிய வித்தை? ஆனால் நிறுத்து என்றபோது எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. காற்று முகத்தில் அடிக்கிறது, அடியில் தண்ணி சலசல என்று பேசுகிறது, பின்னால் அப்பா, மெதுவா புஷ்பம், மெதுவா, இது பஸ்ட் ஷிஃப்ட் பஸ் இல்ல என்று கத்துகிறார். நேராக ஒரு மணல் திட்டில் கொண்டுபோய் ஏற்றினேன். யாருக்கும் அடியில்லை.

இப்போது படகு வீட்டுப் பக்கச் சந்தில், உன் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. சக்கர வண்டியில் வைத்து நானும் அவரும் தள்ளிக்கொண்டே ஏரிக்குப் போய்விடலாம், தூக்க வேண்டியதில்லை. முதல் நாள் தெருவே கரையில் நின்றது. இன்னா டிரைவரே, பஸ்ஸ தண்ணில வுட்டுட்டியா, கண்டக்டரம்மாவையும் கூட்டினு வந்துகிற என்று கோதண்டம் அண்ணன் கேட்டார். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போன வாரம் அல்லிக் கூட்டத்துப் பக்கம் அப்பா இரைக்கு மாட்டிய ரப்பர் தவளையை வீசிவிட்டு, கொஞ்சம் புடி, தொப்பிய சரி பண்ணிக்கறேன் என்று தூண்டிலை என் கையில் கொடுத்தார். கொடுத்ததுதான், குபுக் என்று தண்ணி வெடித்தது. நான் ஏசுவே என்று அலறினேன். வுடாத, தளர வுடாத என்று அவர் பின் சீட்டிலிருந்து மிதித்துப் படகைத் திருப்பிப் பாசியை விட்டு இழுக்கிறார், நான் நூல் உருளையைச் சுற்றுகிறேன், கைவலையைத் தாழ்த்திப் பிடித்து அந்த விராலை அள்ளியது அவருடைய வலது கை. குழம்பு வைத்தேன், நிர்மல் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான்.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும், அதனால் கேட்டுக்கொள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இரண்டு பேரும் ஏறுவதில்லை. காற்று அடித்தால் இறங்குவதில்லை. அவரைத் தனியாக விடுவதே இல்லை. படப்பையில் பெண்களுக்கென்று நீச்சல் வகுப்பு நடக்கிறது, சேர்ந்துவிட்டேன். இந்த வயசில் நீச்சல் உடையா என்று அப்பா சிரித்தார், அதற்கு மேல் சிரிக்க விடவில்லை. மிதிக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்கலாம், தோளுக்கு அந்தக் கைப்பிடி நல்லதா என்று நீ பார்த்துச் சொல், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நிர்மலை வேலையில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள், அவனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான், தெரியாத மாதிரி இரு. காலையில் டீயைக் குடித்துவிட்டு ஓடாதே, இரண்டு இட்லியாவது சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. ஜோயலோடு வாக்குவாதம் வந்தால் தூங்குவதற்கு முன்னால் பேசி முடித்துவிடு.

உன் கையால் வைத்தியம் பெறுகிறவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும், உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும், ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். இதைப் படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. சனிக்கிழமை காலையில் மட்டும் கூப்பிடாதே கண்ணு, மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா,
அன்னபுஷ்பம் கிறிஸ்துதாஸ்