மோதிரம் கிடைக்கும் வரை

பெப்ரவரி 16, திங்கள்

விட்டுவிட்டு மழை. நான் வேலைக்குப் போகும் சிஞ்ஞோரா அம்மா வீட்டில் இன்று ஜன்னல் துடைக்கிற நாள். துடைத்து என்ன பிரயோசனம்.

இவர் மூன்றாம் நாளாக வெறும் விரலைத் தடவிக்கொண்டு திரிகிறார். பலெர்மோ ஓரத்துச் சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறிக்கும்போது கலியாண மோதிரம் போய்விட்டது. "கையுறை கழட்டேக்கை விழுந்திருக்கும்" என்கிறார். எந்த மரத்தடி என்று தெரியாது. அன்று பறித்தது நாலு வரிசை.

சாப்பிடும்போது வாயை விட்டேன். "மண்ணுக்குள்ளை உலோகம் தேடுற மிசின் ஒண்டு வாங்கினா நான் தேடித் தருவன்."

"நீரோ?"

"ஏன், முகமாலையிலை மிதிவெடி எடுத்தனான், மோதிரம் எடுக்க ஏலாதோ?"

சோற்றைப் பிசைந்தார். அந்த வேலையை நினைத்தால் எனக்குப் பயம் வரும் என்று அவருக்கு ஓர் எண்ணம். பயமாவது! கை துறுதுறுக்கிறது.

பெப்ரவரி 18, புதன்

வெயில். பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் படம் எடுக்க வேண்டும், மறக்காதே.

சுகந்திக்கு வாட்ஸ்அப். முகமாலையில் என்னோடு ஒரே குழுவில் வெடி எடுத்தவள். இப்போதும் அங்கேதான், குழுத் தலைவி. எனக்குப் பொறாமை. குரல் பதிவில் பதில் வந்தது:

"எடியே, மோதிரம் தேட மிசினோ? உனக்கு விசர். வாங்கிறதெண்டா இரும்புச் சத்தத்தை ஒதுக்கிற மிசின் பரவாயில்லை. வெள்ளித் தாளை ஒதுக்கிறதை வாங்காதை. சின்னத் தங்கமும் அதுவும் ஒரே மாதிரித்தான் கத்தும்."

அவளுக்குப் பின்னால் இடைவேளை விசில் கேட்டது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பெப்ரவரி 20, வெள்ளி

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பின்பக்கத்துக் கடை. கடைக்காரர் இவரையே பார்த்து விளக்கினார். முதல் மிசினுக்குப் பெரிய திரை, குப்பைச் சத்தத்தை எல்லாம் மறைத்துவிடுமாம். என் மோதிரத்தையும் சொக்லேட் தாளையும் தரையில் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் மிசினில் மூச்சு இல்லை. வேண்டாம்.

மற்றது ஒரு பழைய மாடல். பாரம் இல்லை, தரையில் பிடிக்கிற தட்டு சின்னது, வேர்களுக்கு இடையில் போகும். இரும்புக்கு அடித்தொண்டை, மற்றதுக்கெல்லாம் கீச்சுக் குரல். மோதிரம், தாள் இரண்டுக்கும் கத்தியது. இதுதான்.

"சிஞ்ஞோரா, நாள் முழுக்கக் குப்பைதான் தோண்டுவீர்கள்" என்றார். உண்மைதான். எனக்கு அது பழக்கம்.

விலை கேட்டு இவர் முகம் சுண்டிப்போனது. வெளியில் வந்ததும், "மோதிரம் கிடைச்ச உடனை வித்துப்போடுவம், என்ன?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். கோதாரி வாய்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். தரைக் கொங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு ஒரே அலறல்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கூதல். தோட்டக்காரர் சம்மதம் தந்தார், ஒரு நிபந்தனை: பழங்காலக் காசு ஏதும் தென்பட்டால் தொடாமல் அவரைக் கூப்பிட வேண்டும், அது அரசாங்கத்தினுடையது.

கவ்வாத்தில் வெட்டிப் போட்ட குச்சிகள் நட்டு, கயிறு கட்டி, முகமாலையில் செய்த மாதிரியே பாதை பிரித்தேன். இவரைப் பின்னால் வரச் சொன்னேன். முதல் சத்தம். என்னை அறியாமல் கை உயர்ந்தது.

"அப்பிடியே நில்லுங்கோ!"

பாவம் மனுசன், தூக்கிய காலோடு நின்றார். நான் முழங்காலில் இருந்து பக்கவாட்டாக, மெல்ல மெல்லக் கிளறினேன். சோடா மூடி.

"இதுக்கோ என்னைக் கொக்கு மாதிரி நிக்க வைச்சனீர்?"

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

கிடைத்தவை: மூடிகள், ஆணி, கத்தரிக்கோல் அலகு, வெள்ளித் தாள் கணக்கில்லை, யூரோவுக்கு முந்திய ஒரு லீராக் காசு. லீராவுக்குத் தோட்டக்காரரைக் கூப்பிட்டேன். "இது நானே செலவழித்த காசு" என்று சிரித்தார்.

மோதிரம் இல்லை. ஒரு வரிசை முடிந்தது, இன்னும் மூன்று கிடக்கிறது. முழங்கால் உளைகிறது. எவ்வளவு சந்தோசம்.

பெப்ரவரி 25, புதன்

தெற்குக் காற்று. துடைத்த ஜன்னல் முழுக்க மஞ்சள் தூசி. வாங்க வேண்டியது: முட்டை, சீனி, சவர்க்காரம்.

இவர் போனில் தன் அக்காவோடு கதைத்தது கேட்டது. "விரல் என்னவோ என்ரை மாதிரியே இல்லை அக்கா." குரல் உடைந்துவிட்டது.

எனக்கோ, மெதுவாகவே கிடைக்கட்டும் என்று இருக்கிறது. வெட்கம் கெட்டவள் நான்.

மார்ச் 1, ஞாயிறு

மப்பு, மழை இல்லை. இரண்டாம் வரிசை. கீச்சுக் குரல், மெல்லியதாக. கிளறினேன்.

மோதிரம். உள்பக்கம் என் பெயரின் முதல் எழுத்து, மண் அப்பிக்கொண்டு.

இவர் கூடைகளுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் அவர், திரும்பாமலே:

"நீர் பாட்டுப் படிச்சனீர், தெரியுமோ? பலெர்மோ வந்து இண்டைக்குத்தான் கேக்கிறன்."

நான் பாடியது எனக்கே தெரியாது.

"என்ன வந்தது?" என்று கேட்டார்.

"வெள்ளித் தாள்" என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் மிசினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தாமே கேட்டார், "அடுத்த கிழமையும் போவமோ?"

மோதிரம் என் கோட்டுப் பையில். அவர் அடுத்த அறையில் விரலைத் தடவிக்கொண்டு செய்தி பார்க்கிறார். நாளைக்குச் சொல்ல வேண்டும். கட்டாயம் சொல்ல வேண்டும்.

போனில் பார்த்தேன். அடுத்த ஞாயிறு வெயிலாம்.